டபிள்யூ. சி. ஹேண்டியும் ப்ளூஸ் இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்கத் தொடங்குகிற நண்பர்களோடு பேச்சு நீண்டால், எப்படியும் டபிள்யூ. சி. ஹேண்டியின் பெயர் வந்துவிடும். கூடவே வழக்கமான சந்தேகங்களும் வரும். அவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. எளியவை முதலில் வரும், சிக்கலானவை போகப்போக வரும்.

யாருங்க இந்த ஹேண்டி? சுருக்கமா சொல்லுங்க.

வில்லியம் கிறிஸ்டோபர் ஹேண்டி. 1873 நவம்பர் 16 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஃப்ளாரன்ஸ் என்ற ஊரில் பிறந்த கறுப்பின இசைக்கலைஞர். டிரம்பெட் போன்ற ஊதுகருவியான கார்னெட்டை வாசித்தவர், பேண்டு நடத்தியவர், பாட்டு எழுதியவர், பதிப்பாளர். தெற்கு மாநிலங்களின் வயல்களிலும் ரயில் நிலையங்களிலும் வாய்மொழியாக மட்டுமே இருந்த ப்ளூஸைத் தாளில் எழுதி அச்சிட்டு விற்றுப் பரவச் செய்தவர்களில் முதன்மையானவர். 'மெம்பிஸ் ப்ளூஸ்', 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்', 'பீல் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' எல்லாம் அவருடையவை. 1958 மார்ச் 28 அன்று நியூயார்க்கில் காலமானார்.

அவருடைய பெற்றோர் அடிமை முறை ஒழிந்து வந்த முதல் தலைமுறை. அவர் கண்ணை மூடும்போது ராக் அண்ட் ரோல் வானொலியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஆயுளுக்குள் இவ்வளவு தூரம். அதனால்தான் அமெரிக்க இசை வரலாற்றைப் படிக்க விரும்புகிறவர்களை முதலில் இவருடைய வாழ்க்கையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

ப்ளூஸ்னா சோகப் பாட்டுதானே?

பாதி சரி. கஷ்டத்தைச் சொல்கிற பாட்டுதான். விட்டுப்போன காதலன், வராத கூலி, பெருக்கெடுத்த வெள்ளம், சிறை என்று பொருள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆனால் ப்ளூஸ் சனிக்கிழமை இரவு நடனத்துக்கான இசையும்கூட. அதற்கு ஜனங்கள் ஆடினார்கள், குடித்தார்கள், வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பாடுகிறவள் தன் துயரத்தைச் சொல்லிக்கொண்டே அதைக் கிண்டலும் செய்வாள். அழுகையும் நக்கலும் ஒரே வரியில் வருவது இந்த இசையில் சாதாரணம்.

"12 பார் ப்ளூஸ்"னு சொல்றாங்களே, அது என்ன? கர்நாடக சங்கீதம் மட்டும் கொஞ்சம் தெரிஞ்ச எனக்குப் புரியுமா?

தாராளமாகப் புரியும். ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை. அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சுற்று. அதை மூன்று வரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், வரிக்கு நான்கு பார். முதல் வரியில் ஒரு விஷயத்தைச் சொல்கிறார்கள். இரண்டாவது வரியில் அதையே திரும்பச் சொல்கிறார்கள். மூன்றாவது வரியில் அதற்குக் காரணமோ பதிலோ வருகிறது. பின்னணியில் இசையின் அடித்தளம் முதல் வரி முழுக்க ஷட்ஜத்தில் நிற்கும். இரண்டாவது வரி மத்யமத்தில் தொடங்கி ஷட்ஜத்துக்குத் திரும்பும். மூன்றாவது வரி பஞ்சமத்தில் ஏறி வீடு வந்து சேரும். பாடகர் வரியின் நான்கு பாரையும் முழுதாகப் பாடுவதில்லை. ஏறக்குறைய பாதியில் நிறுத்திவிடுவார். மீதி இடத்தில் கிட்டாரோ கார்னெட்டோ பதில் சொல்லும்.

சுரங்களில் ஒரு விசேஷம் உண்டு. ப்ளூஸ் பாடகரின் காந்தாரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ அசைந்துகொண்டிருக்கும். நிஷாதமும் அப்படித்தான். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதே இல்லை. பியானோவிலோ அந்த நடு இடத்தைத் தொட முடியாது. ஹேண்டி எழுத உட்கார்ந்தபோது மேஜர் ஸ்கேல் என்ற மேற்கத்திய சுர வரிசைக்குள் தாழ்ந்த காந்தாரத்தையும் தாழ்ந்த நிஷாதத்தையும் கொண்டுவந்து அந்த அசைவைத் தாளில் பிடிக்கப் பார்த்தார். "ப்ளூ நோட்" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

அப்போ ப்ளூஸும் ஜாஸும் ஒண்ணா, வேறயா?

வேறு வேறு, ஆனால் ஒன்றில்லாமல் மற்றொன்றைச் சொல்ல முடியாது. ப்ளூஸ் அடிப்படையில் குரல் வழிப் பாட்டு, ஒரு வடிவம், ஒரு சுர வழக்கு. ஜாஸ் அதையும் ராக்டைம் என்ற துள்ளல் தாளப் பியானோ இசையையும் பேண்டு வாத்திய மரபையும் தேவாலயப் பாட்டையும் சேர்த்துக்கொண்டு, மனோதர்மத்தை (வாசிக்கும் நொடியிலேயே கற்பனை செய்து வாசிப்பதை) மையமாக வைத்து நியூ ஆர்லியன்ஸ் பக்கம் உருவானது. 1900 வாக்கிலேயே அங்கே பட்டி போல்டன் கார்னெட்டில் ப்ளூஸ் வாசித்துக் கூட்டத்தைக் கட்டிப்போட்டார்.

பிற்காலத்தில் ஜாஸ் எவ்வளவு சிக்கலாகப் போனாலும் அந்தப் பன்னிரண்டு பாரை விடவில்லை. கவுன்ட் பேஸி, சார்லி பார்க்கர், மைல்ஸ் டேவிஸ் என்று யாரை எடுத்தாலும் அவர்களுடைய புகழ்பெற்ற உருப்படிகளில் ஒன்றிரண்டாவது 12 பார் ப்ளூஸாக இருக்கும். பார்க்கரின் 1945 பதிவான 'நௌஸ் த டைம்' கேட்கும்போது மேலே சொன்ன மூன்று வரியை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக வரும்.

பாதிரியார் பையன் எப்படி இந்தப் பக்கம் வந்தார்? வீட்ல விட்டாங்களா?

விடவில்லை. அப்பா மெதடிஸ்ட் சபைப் போதகர், தாத்தாவும் போதகர். சிறுவன் ஹேண்டி பழம் பொறுக்கி விற்றும் சோப்பு காய்ச்சி விற்றும் காசு சேர்த்து, கடைக் கண்ணாடி வழியே பார்த்து ஏங்கிய ஒரு கிட்டாரை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தான். அப்பா அதைச் சாத்தானின் விளையாட்டுச் சாமானாகத்தான் பார்த்தார். உடனே கடைக்குத் திருப்பி அனுப்பி, அதற்குப் பதிலாக ஒரு வெப்ஸ்டர் அகராதியை வாங்கி வரச் செய்தார். இசைக்காரனாவதைவிடப் பிள்ளை சவ வண்டியில் போவதே மேல் என்கிற அளவுக்கு அவருக்கு வெறுப்பு.

ஆனாலும் சபைக்குப் பயன்படும் என்று ஆர்கன் கற்றுக்கொள்ள அனுமதித்தார். பள்ளியில் வாத்தியம் எதுவும் இல்லாமல் வாயாலேயே சுரம் பாடிப் பழக்கும் ஆசிரியர் கிடைத்தார். அந்தப் பயிற்சிதான் பின்னால் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிற திறமையாக வளர்ந்தது என்பது என் எண்ணம். வீட்டுக்குத் தெரியாமல் ஒரு கார்னெட்டும் வாங்கி ஊர் பேண்டில் சேர்ந்துகொண்டார். அப்பா கடைசியில் மனம் மாறினார். ஹேண்டி பேண்டு நடத்திய நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டுப் பெருமைப்பட்டார் என்று ஹேண்டி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

மின்ஸ்ட்ரல் குழுவில இருந்தாராமே? அது கறுப்பர்களைக் கேலி பண்ற கூத்து இல்லையா?

ஆமாம், அப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கோமாளிகளாகக் காட்டிய மேடை வகை அது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பினக் கலைஞர்களின் மின்ஸ்ட்ரல் குழுக்களும் பெருகின. காரணம் எளிது: பாடவும் ஆடவும் வாசிக்கவும் தெரிந்த கறுப்பினத்தவருக்குச் சம்பளம் கொடுத்து நாடெங்கும் கூட்டிப்போகிற மேடை அப்போது வேறு ஏது?

ஹேண்டி அப்படி ஒரு குழுவில் சேர்வதற்கு முந்தைய சில வருடங்களை நினைத்துப் பாருங்கள். பர்மிங்ஹாமில் ஆசிரியர் தேர்வில் தேறியும், அந்தச் சம்பளம் பற்றாது என்று பெஸ்ஸிமரில் குழாய்த் தொழிற்சாலைக்குப் போனார். ஒரு நால்வர் பாடகர் குழுவோடு சிகாகோ உலகக் கண்காட்சிக்குக் கிளம்பிப் போனால் கண்காட்சி 1893-க்குத் தள்ளிப்போயிருந்தது. செயின்ட் லூயிஸில் கையில் காசில்லாமல் மிசிசிப்பி ஆற்றங்கரைக் கற்களின் மேல் படுத்துத் தூங்கினார். அந்த நிலையிலிருந்து வந்தவருக்கு 1896-இல் மஹாராஸ் மின்ஸ்ட்ரல்ஸ் குழுவில் வாரம் 6 டாலரும் சாப்பாடும் கிடைத்தன. அங்கே பேண்டுத் தலைவராக உயர்ந்தார், 1900-இல் கியூபா வரை போய் வந்தார். கியூபாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கேள்வியில் திரும்ப வரும்.

ரயில் நிலையத்தில ப்ளூஸைக் "கண்டுபிடிச்சார்"னு ஒரு கதை இருக்கே, நிஜமா?

சம்பவம் நடந்ததாக ஹேண்டியே எழுதியிருக்கிறார். "கண்டுபிடித்தார்" என்ற வார்த்தைதான் பொருந்தாது.

1903 வாக்கில் அவர் மிசிசிப்பி டெல்டாவில் கிளார்க்ஸ்டேல் என்ற ஊருக்கு வந்து, நைட்ஸ் ஆஃப் பிதியாஸ் என்ற சங்கத்தின் கறுப்பினக் கிளைக்காக பேண்டு நடத்தினார். ஒரு நாள் இரவு டட்வைலர் ரயில் நிலையத்தில் காத்திருந்தார். ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம். கண்ணயர்ந்துவிட்டார். விழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஒல்லியான ஒரு மனிதர் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். உடம்பில் கந்தல் துணி, செருப்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும் கால்விரல்கள். தந்திகளின் மேல் ஒரு கத்தியை வைத்து அழுத்தி இழுத்தார், அந்த ஓசை வழுக்கிக்கொண்டு போனது. "சதர்ன், டாக்கைக் குறுக்கே கடக்கும் இடத்துக்குப் போறேன்" என்கிற பொருளில் ஒரே வரியை மூன்று முறை பாடினார். ஹேண்டிக்குப் புரியவில்லை, கேட்டார். மூர்ஹெட் என்ற ஊரில் சதர்ன் ரயில் பாதையும், "யெல்லோ டாக்" என்று ஊர்க்காரர்கள் கூப்பிடும் யாஸு டெல்டா பாதையும் ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன. அந்த மனிதர் போகவேண்டிய இடம் அது, பாடியதும் அதைப் பற்றித்தான்.

தான் அதுவரை கேட்டதிலேயே விசித்திரமான இசை அதுதான் என்று ஹேண்டி சொல்கிறார். இசை படித்து, மேடைகள் பல கண்ட முப்பது வயதுக்காரர் இப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஒன்றுமில்லாத ஒரு மனிதர் தன் ரயில் மார்க்கத்தையே பாட்டாக்கிக்கொண்டிருந்தார். அவருடைய பெயரை ஹேண்டி பதிவு செய்யவில்லை. அமெரிக்க இசை வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது. 2003-ஐ "ப்ளூஸ் ஆண்டு" என்று அமெரிக்க செனட் அறிவித்தபோது, இந்தச் சந்திப்பு நடந்து நூறாண்டு ஆனதைத்தான் காரணமாகச் சொன்னது.

சரி, கேட்டார். அதை எழுதணும்னு எப்போ தோணிச்சு?

அதே டெல்டாவில், கிளீவ்லேண்ட் என்ற ஊரில் நடந்த ஒரு நடன நிகழ்ச்சிதான் திருப்பம். ஹேண்டியின் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் மண்ணின் இசை ஏதாவது வாசியுங்கள் என்று கூட்டத்திலிருந்து சீட்டு வந்தது. இவர்கள் பழைய தெற்கத்திப் பாட்டு ஒன்றை வாசித்தார்கள். அதில் கேட்டவர்களுக்குத் திருப்தியில்லை. உள்ளூர்க்காரர்கள் சிலர் கொஞ்சம் வாசிக்கலாமா என்று கேட்டார்கள். அடிபட்ட கிட்டார், ஒரு மேண்டலின், தேய்ந்துபோன பேஸ், மூன்றே பேர். முடிவும் ஆரம்பமும் தெரியாத ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இதை யார் ரசிப்பார்கள் என்று ஹேண்டி யோசிக்கும்போதே அவர்கள் காலடியில் வெள்ளி டாலர்கள் வந்து விழ ஆரம்பித்தன. ஹேண்டியின் ஒன்பது பேருக்கு அன்றைக்குப் பேசிய மொத்தச் சம்பளத்தையும்விட அது அதிகம்.

மக்கள் காசு கொடுத்துக் கேட்க விரும்பும் இசை எது என்று அந்த இரவில் புரிந்தது என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். சிலருக்கு இது வியாபாரப் புத்தியாகத் தெரிகிறது. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். படிப்பு கொடுத்த உயர்வு மனப்பான்மையை ஒரே இரவில் கழற்றி வைத்தவர் அவர்.

'மெம்பிஸ் ப்ளூஸ்'தானே உலகத்தின் முதல் ப்ளூஸ் பாட்டு?

இல்லை. அச்சில் வந்ததைக் கணக்கெடுத்தாலும் முதல் இடம் அதற்கில்லை. ஹார்ட் வாண்டின் 'டல்லஸ் ப்ளூஸ்' 1912 மார்ச்சிலேயே வெளியானது. 'பேபி சீல்ஸ் ப்ளூஸ்' ஆகஸ்டில் வந்தது. ஹேண்டியின் 'மெம்பிஸ் ப்ளூஸ்' செப்டம்பர் இறுதியில்தான். அச்சுக்கு முன்னால் வாய்மொழியாக எத்தனை இருந்தன என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஆனால் நாடு முழுக்கப் பரவியது ஹேண்டியுடையதுதான். அது பிறந்த விதமும் சுவையானது. 1909-இல், அப்போது ஹேண்டி வாழ்ந்த மெம்பிஸ் நகரத்தின் மேயர் பதவிக்கு எட்வர்ட் கிரம்ப் போட்டியிட்டார். அவருடைய பிரசாரத்துக்காக ஹேண்டியின் பேண்டு 'மிஸ்டர் கிரம்ப்' என்ற மெட்டைத் தெருமுனைகளில் வாசித்தது. ஊரைத் திருத்துவேன் என்று கிரம்ப் சொல்ல, நீ சொன்னால் நாங்கள் திருந்திவிடுவோமா என்கிற பாணியில் அந்தப் பாட்டுக்குக் கிண்டல் வரிகள் சேர்ந்துகொண்டன. கிரம்ப் ஜெயித்தார். அந்த மெட்டுதான் மூன்று வருடம் கழித்து 'மெம்பிஸ் ப்ளூஸ்' ஆனது. ஃபாக்ஸ்டிராட் என்ற நடனம் பரவியதிலும் அதற்குப் பங்கு உண்டு.

அப்போ அந்தப் பாட்டால நல்லா சம்பாதிச்சிருப்பாரே?

அதுதான் கொடுமை. சொந்தச் செலவில் ஆயிரம் பிரதி அச்சடித்தார். விற்கவில்லை என்று நம்பவைக்கப்பட்டு, 100 டாலருக்கு மிகாத தொகைக்கு மொத்த உரிமையையும் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அடுத்த வருடமே வேறொருவரை வைத்து வரிகள் எழுதிச் சேர்த்து ஏராளமாக விற்றார்கள். 1914-இல் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் பேண்டுகளும் அதைப் பதிவு செய்தன. இதில் எதுவும் ஹேண்டி கைக்கு வரவில்லை. அன்றைய சட்டப்படி 28 ஆண்டுகள் முடிந்து 1940-இல்தான் உரிமை அவரிடம் திரும்பியது.

அந்த அடியில் கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை. ஹாரி பேஸ் என்ற படித்த, கணக்குத் தெரிந்த கூட்டாளியோடு சேர்ந்து பேஸ் அண்ட் ஹேண்டி என்ற பதிப்பகத்தை நடத்தினார். கறுப்பின இசையமைப்பாளர் தன் பாட்டைத் தானே பதிப்பித்து, உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்வது அன்று அபூர்வம். ஹேண்டியின் சாதனைகளில் நான் பாட்டுகளுக்குச் சமமாக வைப்பது இதைத்தான்.

'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' ஏன் அவ்வளவு பெரிசா பேசப்படுது?

1914 செப்டம்பரில் வெளியானது. 'மெம்பிஸ் ப்ளூஸ்' கை நழுவிப் போன பிறகு, அதை மிஞ்சுகிற ஒன்றை எழுதியே தீர வேண்டும் என்று மெம்பிஸின் பீல் ஸ்ட்ரீட் என்ற தெருப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு எழுதினார். செயின்ட் லூயிஸில் ஆற்றங்கரையில் படுத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அப்போது தெருவில் தள்ளாடியபடி போன ஒரு பெண், தன் புருஷனின் மனசு கடலில் எறிந்த கல் மாதிரி என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருந்தது. இருபது வருடம் கழித்து அந்த வரி அப்படியே பாட்டுக்குள் வந்தது. சூரியன் மறைவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று தொடங்குகிற பாட்டு அது.

அமைப்பில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரியும். முதலில் 12 பார் ப்ளூஸ். நடுவில் மைனர் ஸ்கேலுக்கு மாறி, 16 பார் நீளத்துக்கு ஹபனேரா தாளம். அப்புறம் மறுபடி 12 பார் ப்ளூஸ். அந்த ஹபனேராவின் ஊர் கியூபா. அங்கே கேட்டது அவர் மனதில் தங்கியிருந்தது. டேங்கோ நடனம் அமெரிக்காவில் மோகமாக இருந்த நேரம் அது. டேங்கோ என்று நினைத்து ஆட வந்தவர்களை முன்னிசையில் ஏமாற்றிவிட்டுச் சட்டென்று ப்ளூஸுக்குள் இழுத்தேன் என்று ஹேண்டி எழுதுகிறார். நாட்டுப்புற வடிவம், கரீபியத் தாளம், அச்சுப் பாட்டின் ஒழுங்கு மூன்றையும் தையல் தெரியாமல் இணைத்த முதல் பெரிய பாட்டு இது என்பேன். அதனாலேயே பாடகர்களும் ஜாஸ் குழுக்களும் ஆளுக்கொரு விதமாக அதைத் திறந்து பார்க்க முடிந்தது.

எத்தனையோ பதிவு இருக்கு. எதைக் கேட்க?

ஒன்றே ஒன்று என்றால் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித், 1925 ஜனவரி 14, கொலம்பியா இசைத்தட்டு. கூட இருப்பவர்கள் இரண்டே பேர். கார்னெட்டில் அப்போது 23 வயதான லூயி ஆர்ம்ஸ்ட்ராங், ஆர்மோனியத்தில் ஃப்ரெட் லாங்ஷா. ஆரம்பத்தில் நீட்டிப் பிடித்த ஓர் ஒலி, உடனே பெஸ்ஸியின் குரல். தாளம் அடிக்க யாருமில்லை. ஹபனேரா கிட்டத்தட்ட கரைந்துவிடுகிறது, அவ்வளவு நிதானம்.

முதல் வரியை அவர் முடித்த நொடியில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். 12 பார் பற்றிய பதிலில் சொன்ன அந்த மீதி இடம் இதுதான். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் கார்னெட் ஒரு புதிய பதில் சொல்கிறது, ஒரு தடவைகூட குரலின் மேல் ஏறுவதில்லை. பெஸ்ஸி ஒரு சொல்லைக் கீழிருந்து வளைத்து மேலே கொண்டுபோகும்போது, அந்த வளைவை கார்னெட் அடுத்த இடைவெளியில் பிடித்துக்கொள்கிறது. மூன்று நிமிடச் சொச்சம்தான். ப்ளூஸ் எங்கே முடிகிறது, ஜாஸ் எங்கே தொடங்குகிறது என்று இதில் கோடு கிழிக்க முடியாது.

அதற்கடுத்து 1954-இல் ஆர்ம்ஸ்ட்ராங் ஹேண்டியின் பாட்டுகளை மட்டுமே வைத்துச் செய்த தொகுப்பைக் கேளுங்கள். அது வெளிவந்தபோது ஹேண்டி உயிரோடு இருந்தார். பெஸ்ஸியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பாட்டின் பெயரிலேயே 1929-இல் வந்த குறும்படம் இருக்கிறது. அவர் நடித்த ஒரே படம் அது. ஹேண்டி அதன் இசையில் பங்கெடுத்தார்.

மெம்பிஸ்ல புகழோட இருந்தவர் ஏன் நியூயார்க் போனார்?

தொழில் ஒரு காரணம். பாட்டுப் பதிப்பகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. 1918-இல் பேஸ் அண்ட் ஹேண்டி, டைம்ஸ் சதுக்கத்தில் கெயிட்டி கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்னொரு காரணத்தைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1917 மே மாதம் மெம்பிஸ் அருகே எல் பெர்சன்ஸ் என்ற கறுப்பினத்தவரைக் கும்பல் ஒன்று ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் எரித்துக் கொன்றது. அவருடைய தலையை பீல் ஸ்ட்ரீட்டில் கொண்டுவந்து எறிந்தார்கள், ஹேண்டி பெயர் வைத்துப் பாட்டு எழுதிய அதே தெருவில். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளை வளர்க்க யாருக்கு மனம் வரும்?

நியூயார்க்கும் மெத்தையாக இருக்கவில்லை. 1920 வாக்கில் ஹாரி பேஸ் பிரிந்துபோய் பிளாக் ஸ்வான் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். ஹேண்டிக்குக் கடன் ஏறியது, கண் பார்வையும் மங்கியது. குடும்பத்தாரோடு ஹேண்டி பிரதர்ஸ் என்று பெயர் மாற்றி மெல்ல மெல்லத் தூக்கி நிறுத்தினார்.

ஹேண்டி ஜாஸ் வாசிச்சாரா இல்லையா? தெளிவா சொல்லுங்க.

பெரிய அளவில் இல்லை. 1917-இல் அவருடைய பேண்டு நியூயார்க்கில் கொலம்பியாவுக்காகப் பல பதிவுகள் செய்தது. அதே வருடம் பிப்ரவரியில் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டு என்ற வெள்ளையர் குழு 'லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்' பதிவு செய்தது, முதல் ஜாஸ் இசைத்தட்டு அதுதான் என்று கணக்கு. ஹேண்டி குழுவும் அதே உருப்படியை வாசித்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும். ஹேண்டியின் குழு தாளில் எழுதியதைப் பார்த்து வாசிக்கிற, அணிவகுப்பு பேண்டின் ஒழுங்குள்ள குழு. மனோதர்மம் அவருடைய வழி அல்ல.

ஆனால் ஜாஸ்காரர்கள் வாசிக்கத் தேவையான உருப்படிகளைக் கொடுத்தவர் அவர். இசையமைப்பாளர் வில்லியம் கிராண்ட் ஸ்டில், ஜாஸ் பேண்டுத் தலைவர் ஃப்ளெட்சர் ஹென்டர்சன் இருவரும் இளம் வயதில் ஹேண்டியிடம் வேலை பார்த்தவர்கள். 1926-இல் இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் தன் 'ராப்சடி இன் ப்ளூ' பிரதி ஒன்றை அவருக்குக் கொடுத்தபோது, இந்தப் படைப்புக்கு முன்னோர்கள் உங்களுடைய ஆரம்ப காலப் பாட்டுகள்தான் என்ற பொருளில் எழுதிக் கையொப்பமிட்டார்.

ஜெல்லி ரோல் மார்ட்டன் இவரைப் பொய்யர்னு திட்டினாராமே? என்ன சண்டை அது?

1938-இல் நடந்தது. ரிப்ளியின் "நம்பினால் நம்புங்கள்" வானொலி நிகழ்ச்சியில் ஹேண்டியை ஜாஸையும் ப்ளூஸையும் தோற்றுவித்தவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். நியூ ஆர்லியன்ஸ் பியானோ மேதை மார்ட்டன் கொதித்துப்போய் டவுன் பீட் பத்திரிகைக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஜாஸை 1902-இல் உருவாக்கியது நானே, ஹேண்டிக்கு ஜாஸ் வாசிக்கவே தெரியாது என்பது அதன் சாரம். ஹேண்டி அதே பத்திரிகையில் பதில் எழுதினார். முடிந்தாலும் நான் ஜாஸ் வாசிக்கமாட்டேன் என்பதே அந்தக் கட்டுரைக்குத் தலைப்பு.

என் தீர்ப்பு: ஹேண்டி ஜாஸ்காரர் அல்ல என்ற வரை மார்ட்டன் சொன்னது சரி, முந்தைய பதிலிலும் அதைத்தான் சொன்னேன். தான் மட்டுமே உருவாக்கினேன் என்றது சரியல்ல. அந்தக் கோபத்துக்கு ஒரு பின்னணி உண்டு. மார்ட்டன் அப்போது வாஷிங்டனில் வறுமையில் இருந்தார், அவர் பாட்டுகளின் ராயல்டி அவருக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. அதே வருடம் காங்கிரஸ் நூலகத்தில் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசியும் வாசித்தும் பதிவு செய்தார். ஜாஸின் தொடக்க காலத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த பொக்கிஷம் அது.

நாட்டுப்புறப் பாட்டை எடுத்துத் தன் பேர்ல போட்டுக்கிட்டார்னு சொல்றேன். திருட்டு இல்லையா?

கடினமான கேள்வி. எடுத்தார் என்பதில் சந்தேகமில்லை. 'யெல்லோ டாக்' பாட்டு டட்வைலர் மனிதரின் வரியிலிருந்து வந்தது. 'ஜோ டர்னர் ப்ளூஸ்', கைதிகளைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுபோன ஓர் அதிகாரியைப் பற்றித் தெற்கில் ஏற்கெனவே வழங்கிவந்த பாட்டிலிருந்து வந்தது. 1915-இல் ஹேண்டி 'ஹெஸிடேட்டிங் ப்ளூஸ்' வெளியிட்டபோது, ஏறத்தாழ அதே மெட்டில் 'ஹெஸிடேஷன் ப்ளூஸ்' என்று வேறு இருவர் பெயரிலும் ஒரு பாட்டு வந்தது. இரு தரப்புமே ஒரே பொதுக் கிணற்றில் இறைத்தவர்கள்.

ஆனால் அவர் அதை மறைக்கவில்லை. எந்த வரி எங்கே கேட்டது, எந்த மெட்டு யாரிடமிருந்து வந்தது என்று 1926-இல் வந்த அவருடைய ப்ளூஸ் பாட்டுத் தொகுப்பிலும் 1941-இல் வந்த சுயசரிதையிலும் தெரியப்படுத்துகிறார். எடுத்ததை அப்படியே போடவும் இல்லை. 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' மாதிரி ஒன்று எந்த ரயில் நிலையத்திலும் கிடைக்காது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் வேறு யாராவது எழுதி, லாபம் முழுக்க வெள்ளையர் பதிப்பகங்களுக்குப் போயிருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எனக்கு அவர்மேல் இருக்கிற ஒரே குறை, அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதி வைக்காததுதான். "ப்ளூஸின் தந்தை" என்ற பட்டத்தை அவரே தன் சுயசரிதைக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டார். நான் அந்தப் பட்டத்தைப் பயன்படுத்துவதில்லை. ப்ளூஸைப் பெற்றெடுத்தவர்கள் பருத்தி வயலில் இருந்தார்கள். இவர் அதை ஊரறியச் செய்தவர்.

கண் தெரியாதவர்னு சிலர் சொல்றாங்க, சிலர் இல்லேங்கிறாங்க. எது சரி?

இரண்டும் வெவ்வேறு காலத்துக்குச் சரி. 1920களின் ஆரம்பத்தில் பார்வை வெகுவாக மங்கியது, அப்புறம் ஓரளவு திரும்பியது. 1943-இல் நியூயார்க் சுரங்க ரயில் நடைமேடையிலிருந்து விழுந்த விபத்துக்குப் பிறகு முழுவதும் போய்விட்டது. பாடகர் நாட் கிங் கோல் ஹேண்டியாக நடித்த 1958 படத்தில் பார்வை போவதும் வருவதும் கதைக்காக ஜோடிக்கப்பட்டது, அதை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தைப் பாட்டுகளுக்காகப் பாருங்கள். பாடகிகள் எலா ஃபிட்ஸ்ஜெரால்டும் மஹாலியா ஜாக்சனும் இருக்கிறார்கள். ஹேண்டி இறந்த சில நாட்களிலேயே படம் திரைக்கு வந்தது.

எங்க கல்லூரி விழாவில 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாடப் போறோம். அனுமதி வாங்கணுமா?

இந்தியாவில் என்றால் பாட்டுக்கு வேண்டியதில்லை. இங்கே பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள். ஹேண்டி இறந்தது 1958, வரிகளும் மெட்டும் அவருடையவை. ஆக, 2018 முடிவோடு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 1914-இல் வெளியான பாட்டு என்பதால் அங்கேயும் பொதுச் சொத்து. இறந்த பிறகு 70 ஆண்டுகள் என்று கணக்கிடும் பிரிட்டன் போன்ற நாடுகளில் 2028 இறுதிவரை பொறுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிற்காலத்தில் வேறொருவர் அமைத்த பேண்டு ஏற்பாட்டை அப்படியே எடுத்து வாசித்தால், அந்த ஏற்பாட்டுக்குத் தனி உரிமை இருக்கலாம். 1914-இன் அச்சுப் பிரதி இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்தே நீங்கள் அமைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும் ஹபனேராவை விட்டுவிடாதீர்கள்.